வெண்தூசியின் பொருள்

விழாவுக்குத் தலைமை தாங்கி, மூன்று கல் பட்டறைகளுக்கும் அதிபராய் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஹார்லன் ப்ரூஸ்டர் அவர்களே! நகரசபைப் பெரியோர்களே! நூலக வாசகர் வட்டத்துச் சீமாட்டிகளே! வெர்மான்ட் மலையை வெட்டி அமெரிக்கா முழுமைக்கும் கல்லறைக் கல் அனுப்பிக்கொண்டிருக்கும் உளிக்கரத்து உழைப்பாளிகளே! அந்த உளிக்குக் கணவனைக் கொடுத்தும், மகனைக் கொடுத்தும், இன்றும் தலை நிமிர்ந்து என் முன் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் நூலகர் எலியட் விட்கம் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நம் எல்டன் ஃபால்ஸ் ஊரைப் பற்றி எழுதப்பட்ட நாவல் வெளிவந்து முப்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அதைக் கொண்டாடத்தான் இதோ இந்தத் தேவதைச் சிலை. 'நாவலின் குறியீடும் கருப்பொருளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதை மட்டுமே பேசுகிறேன்.

நாவலின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கற்சிற்பி. பணக்காரர் ஒருவருடைய மகளின் கல்லறைக்குத் தேவதை செதுக்குகிறான். செதுக்கச் செதுக்க அவன் மேல் வெண்தூசி விழுகிறது. முடியில் விழுகிறது, இமையில் விழுகிறது, உடல் முழுவதும் விழுகிறது. கடைசி அத்தியாயத்தில் சிலையை முடித்துவிட்டுப் பனி பொழியும் வெளியில் நடக்கிறான். நடந்து நடந்து வெண்மைக்குள் வெண்மையாய் மறைகிறான். அந்த வெண்மை எதன் குறியீடு? 'ஆன்மாவின் தூய்மை.' பத்தொன்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விடை இது. என்னிடம் கேட்ட மாணவர்களெல்லாம் தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

சென்ற நவம்பரில் வாசகர் வட்டத்தில் அந்தக் கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். அன்று நூலகத்துத் திரைச்சீலைகளை வெளுத்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தார் எர்சிலியா போனக்கோர்சி. தங்கும் விடுதி நடத்துபவர். பட்டறை ஆட்களின் துணியும் வெளுப்பவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாவலாசிரியர் இந்த ஊரில் தங்கியது அவர் விடுதியில்தான். நாவலில் வரும் சிற்பி, அவருடைய கணவர் குவிரினோதான். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தேன்?

ஏணியில் நின்றபடியே அந்த அம்மா கேட்டார்: "சார், குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. அவர் எங்க சார் நடந்தாரு? கடைசி நாலு மாசம் எந்திரிச்சு உக்காரவே என் தோளப் புடிச்சுக்கிட்டாரு. புத்தகத்துல மட்டும் எப்படி அவ்வளவு தூரம் நடந்தாரு?"

"அம்மா, அது குறியீடு" என்றேன்.

"அப்படின்னா?"

"ஒண்ணைச் சொல்லி வேற ஒண்ணை உணர்த்துறது."

அவர் திரையின் ஒரு வளையத்தை மாட்டிவிட்டுத் திரும்பினார். "அப்போ எங்க வீட்டுக்காரரச் சொல்லி வேற யாரையோ உணர்த்திட்டாங்களா?"

சீமாட்டிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. நான் சொன்னது என்ன தெரியுமா? "திரையெல்லாம் மாட்டியாச்சுன்னா நீங்க கிளம்பலாம்மா." படித்தவன் சொன்ன சொல் இது! பண்பு பேசும் வாய் சொன்ன சொல் இது! அவர் ஏணியை மடக்கி, வாளியை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

நான்கு நாள் எனக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் விடுதிக்குப் போனேன். அடுப்பில் பொலெண்டா என்னும் சோளக்களியைக் கிளறிக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம் சார். ஒரு தடவ பட்டறைக்குள்ள போய்ட்டு வாங்க. எம்புள்ள அத்திலியோ அங்கதான் இருக்கான். முப்பத்திரண்டு வயசு. அவங்க அப்பா மாதிரியே ரெக்கை செதுக்குவான்."

தலைவர் அவர்கள் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். 'இலக்கியம் பேசவும்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, இலக்கியம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளில் இன்றுதான் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

பட்டறைக்குள் போனேன். பத்தொன்பது ஆண்டு இந்த ஊரில் வாழ்ந்தவன், முதன்முறையாகப் போனேன். ஜனவரி மாதம். கதவு சாத்தி, சன்னல் சாத்தி, உள்ளே காற்றழுத்த உளிகள் நாற்பது ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை. தூசி! மூச்சிழுத்தால் தூசி, எச்சில் விழுங்கினால் தூசி, கண்ணை மூடினால் இமைக்குள்ளும் தூசி! அந்த வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் சிரித்தது.

"வாங்க புத்தகக்காரரே! வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள தலை நரைச்சுப் போச்சு பாருங்க!"

அத்திலியோ. அவன் செதுக்கிக்கொண்டிருந்தது எது? இந்தச் சிலை. நாவலைப் போற்றி நாம் வைக்கிற இதே தேவதை!

"ஏன் தம்பி, சன்னலைத் திறந்தால் என்ன?" என்று கேட்டேன்.

"தொறந்தா குளிர் கொல்லும் சார், சாத்துனா தூசி கொல்லும். தூசின்னா கொஞ்சம் பொறுமையா கொல்லும், அதான்." சொல்லிவிட்டு இருமினான். இருமல் நிற்கும்வரை பக்கத்தில் இருந்த சிற்பி போர்த்தோலோ அவன் உளியை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அது அவர்களுக்குள் வழக்கம் போலும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

அன்றைக்கே தலைவர் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். தூசியை உறிஞ்சும் குழாய் வந்திருக்கிறது. ஒவ்வொரு உளிக்குப் பக்கத்திலும் பொருத்தலாம். பொருத்திய இடங்களில் காற்றே தெளிந்துவிட்டது என்று எழுதினேன். பதில் வந்தது. ஒரே வரி. 'அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.'

அத்திலியோவுக்கு அடுத்த ஆண்டு இருந்ததா? மார்ச்சில் நுரையீரல் நோயாளிகளுக்கான சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் இறந்தான். கடைசியாக நான் பார்த்தபோது, "வலது ரெக்கைய யாரு செய்யறா?" என்று கேட்டான். போர்த்தோலோ என்றேன். "அய்யோ, அவன் இறகக் கோழி இறகு மாதிரி வெட்டுவானே!" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பதற்கு வேண்டிய மூச்சு அவனிடம் இல்லை.

அன்றிரவு நாவலைத் திரும்பவும் எடுத்தேன். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. சிற்பியின் மனைவி சன்னலோரம் நின்று, அவன் சட்டையை ஒன்றும் பேசாமல் உதறுகிறாள். அவ்வளவுதான். நாம் எல்லோரும் அதைத் தாண்டிப் போனோம். ஏதோ வீட்டு வேலை என்று தாண்டிப் போனோம். பெரியோர்களே, நாவலே அந்த வரிதான்! அவள் பேசாதது துக்கத்தால் அல்ல. பேசினால் கேட்பார் இல்லை என்பதால். நாவலாசிரியன் பொய் சொல்லவில்லை. கண்டதை எழுதினான். கண்டதற்கு முன் நின்று பார்க்க முடியாமல், கடைசியில் பனியை வரவழைத்து மூடினான். அதை நாம் தூய்மை என்றோம்! மரணத்தை மகிமை என்றோம்! நுரையீரலில் படிந்த கல்லை ஆன்மாவில் படிந்த அருள் என்றோம்! தூரத்தில் நிற்பவனுக்கு அது குறியீடு. சட்டை வெளுப்பவளுக்கு அது சட்டையில் இருக்கிறது.

என்ன ஐயா? 'நூலகர் வேலை வேண்டாமா' என்கிறீர்களா? வேண்டும். நிரம்ப வேண்டும். ஆனால் பொய்யான விடையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை இனி வேண்டாம்.

நான் உளி பிடிக்காதவன். வேலையை நிறுத்துங்கள் என்று எவரிடமும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கல்வெட்டுவோர் சங்கம் முடிவு செய்துவிட்டது. உறிஞ்சுகுழாய் வரும்வரை திங்கள் முதல் எந்தப் பட்டறைக்குள்ளும் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர்களே, அவர்களுக்கு ரொட்டி தருவீர்களா? மருத்துவர்களே, இறப்புச் சான்றிதழில் 'சளி' என்று எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவீர்களா? சீமாட்டிகளே, வாசகர் வட்டத்தை ஒரு நாள் பட்டறை வாசலில் கூட்டுவீர்களா?

உடன்படுகிறவர்கள் 'ஆம்' என்று உரக்கச் சொல்லுங்கள். சொல்ல மூச்சில்லாதவர்கள், சொல்ல வேண்டாம். கையை மட்டும் உயர்த்துங்கள்.

...ஆம் என்ற குரல் கேட்கிறது. மகிழ்கிறேன். ஆனால் கைகள்... இத்தனை கைகளா? என் கடவுளே, இத்தனை கைகளா?

நான்காம் வரிசையில் எர்சிலியா அம்மா. அவருக்கு மூச்சிருக்கிறது, வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறார்.

இத்துடன் என் உரையை முடிக்கிறேன். செவி கொடுத்த சபைக்கு நன்றி. கை உயர்த்தியவர்களுக்கு என் வணக்கம்.