வெளுத்த கால்

– கீழ விழுந்தா இப்படியா உடையும்? நீயே கையில வாங்கிப் பாரு பாப்பா. போட்டிக்குச் செஞ்ச என் பொம்மை ரோபோவோட முட்டி இது. ரொட்டித்தூள் மாதிரி உதிருது.

– மெதுவா பேசுண்ணா. வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே கத்துற. முதல்ல உக்காரு.

– உக்கார நான் விருந்துக்கு வரல. எங்க உன் வீட்டுக்காரன்?

– இங்கதான் இருக்கேன் மச்சான். பின்னாடி ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கிட்டு இருந்தேன். சொல்லுங்க.

– கழுவு, கழுவு. நல்லாக் கழுவு. மாப்ளேன்னு கூப்பிட இன்னிக்கு எனக்கு வாய் வரல.

– பாருங்க மச்சான், போட்டியில நடுவர் காலை மடக்கினதும் உங்க ரோபோ மேஜையில சரிஞ்சதே, அப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் இதே ரூம்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து செஞ்சதுதானே. ஆனா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

– நீ இனிமே ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா. பண்ண வேண்டியதைத்தான் முந்தின நாளே பண்ணி முடிச்சுட்டியே.

– அண்ணா! என்ன பேச்சு இது?

– தின்னர் பாப்பா, தின்னர். பெயிண்ட்டைக் கரைக்கிறதுதான். இறுக்கமா மாட்டின மூட்டுக்குள்ள அது இறங்கிச்சுன்னா, பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். வெளிய ஜம்முன்னு நிக்கும். மறுநாள் எவனாவது கையை வெச்சான், கதை முடிஞ்சுது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே யாரு தெரியுமா? இதோ நிக்கிறானே, இந்த உத்தமன்தான்.

– செய்யக்கூடாதுன்னுதான் சொல்லிக் கொடுத்தேன் மச்சான்.

– கேட்டியா பாப்பா? பாம்புக்குப் பல்லுல விஷம்னா, இவனுக்குப் பாடத்துல விஷம்.

– சும்மா இருண்ணா. போட்டிக்கு எல்லாரும் ஒரே ரோபோ கிட்டை மாட்டிப் பெயிண்ட் அடிக்கணும்னு சொன்னதும் உனக்கும் சேர்த்துப் போய் வாங்கிட்டு வந்தவர் இவர். உன் வீட்ல இடமில்லன்னு இந்த ரூமைக் கொடுத்தார். காலுக்கு அடிக்கச் சாம்பல் பெயிண்ட் இல்லன்னு நீ முழிச்சப்ப, தனக்குக் கலந்ததுல பாதியை ஊத்திக் கொடுத்தார். அவரா இதைச் செய்வார்?

– கலந்து கொடுத்த கைதான் கவுத்தும் விட்டுச்சு. உடம்பு இவனுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். ஊரே என் நீலத்தைத்தான் பார்த்துச்சு. அது இவனுக்குப் பொறுக்கல.

– உங்க நீலம் நல்லா வந்திருந்துச்சு மச்சான். அதை நான் அங்கயே எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீங்க அன்னிக்கு அவசரப்படாம இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்.

– பார்த்தியா, குத்திக் காட்டுறான்.

– குத்திக் காட்டலண்ணா, நடந்ததைத்தான் சொல்றார். மழை கொட்டுது. காத்துல ஈரம் இருக்கு, பளபளப்பை அடக்குற மேட் கோட்டிங்கை இப்ப அடிச்சா வெளுத்துடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நீதான் அடிச்ச.

– அடிச்சேன். வெளுத்துச்சு. கால் ரெண்டும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆச்சு. இல்லன்னா சொல்றேன்? ஆனா நீதான் ஹேர் டிரையரைக் காட்டிச் சரி பண்ணிட்டியே. காலையில வந்து பார்த்தா அப்படியே பழைய சாம்பல். கோயில் கட்டணும்டா என் தங்கச்சிக்குன்னு நினைச்சேன்.

– அதை விடுண்ணா.

– ஏன் விடணும்? இந்த வீட்ல எனக்குன்னு ஓடி வந்தது நீ ஒருத்திதான்.

– மச்சான், வெளுப்புன்னதும் ஞாபகம் வருது. என் ரோபோ காலும்தான் போட்டியன்னிக்குக் காலையில வெளுத்துக் கிடந்துச்சு. முந்தின நாள் மழைக்கு முன்னாடியே அடிச்சு, நல்லாக் காஞ்சு, அலமாரியில உங்க ரோபோ பக்கத்துல நிறுத்தியிருந்தேன். ஈரம் உள்ள வரைக்கும் ஏறிடுச்சுன்னு மனசை அடக்கிக்கிட்டு அப்படியே எடுத்துட்டுப் போனேன்.

– அதுலயும் உனக்குத்தானே யோகம்! சாணியை மிதிச்சாலும் சந்தனமா ஆகுது. நடுவர் அதைப் பனின்னு நினைச்சுட்டார். காலில் பனி படிந்திருக்கும் நேர்த்தியைப் பாருங்கன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உருகுறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

– நான் பனி அடிக்கல.

– அப்ப வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

– சொல்லல. அது என் தப்புதான். போட்டி நடத்துற பொம்மைக் கம்பெனி ஷோரூம்ல பெயிண்டர் வேலை ஒண்ணே ஒண்ணு, அது முதல் பரிசுக்காரனுக்கு. கிடங்குல பெட்டி தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு மச்சான். பெயிண்ட் அடிச்சுச் சோறு சாப்பிடலாம்னா, எவன்தான் பேசுவான்? வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

– உனக்காவது தூக்கப் பெட்டி இருக்கு. என் கடையை மூடினதுலேருந்து நான் பொண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசியே ரொம்ப நாளாச்சு. அந்த வேலை எனக்கு வந்திருக்கணும். பாப்பாவுக்குத் தெரியும்.

– தெரியும்ணா. அண்ணி என்கிட்ட அழுதது எனக்குத்தான் தெரியும். என்னங்க...

– என்ன?

– நேராவே கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஏதும் செய்யலதானே?

– கேக்கற அளவுக்கு ஆயிடுச்சா?

– ஒரே ஒரு வார்த்தை, இல்லன்னு சொல்லிடுங்களேன். அண்ணனும் அடங்குவான்.

– இத்தனை வருஷம் கூட இருந்தும், நீ என்னை நம்புறதுக்கு இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்குன்னு இப்பதான் தெரியுது.

– பேச்சை மாத்துறான் பாரு! அந்த வித்தையெல்லாம் வேண்டாம்ப்பா. முடிவாச் சொல்றேன், கேட்டுக்க. நடுவருக்குப் போன் போட்டு, இந்த வேலை எனக்கு வேண்டாம்னு நீயே ஒதுங்கிக்க. இல்ல, நான் இந்த முட்டியைக் கொண்டுபோய் அவர் மேஜையில வெப்பேன். அப்புறம் நம்ம பொம்மை கிளப்ல ஒருத்தன் உன் பக்கத்துல நிக்க மாட்டான். பாப்பா, உனக்கும்தான் சொல்றேன். இவன் ஒதுங்கலன்னா இந்த வாசப்படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன். அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்னு தலை முழுகிடு.

– அண்ணா, அப்படியெல்லாம் பேசாத. நமக்கு வேற யார் இருக்கா?

– அதை உன் புருஷன்கிட்ட கேளு.

– சரி. என் போன் எங்க?

– எதுக்குங்க?

– நடுவருக்குத்தான். ஒதுங்கிக்கறேன்னு மொட்டையாச் சொன்னா ஏன்னு கேப்பார். நான்தான் மச்சான் ரோபோவுல தின்னர் விட்டேன்னு சொல்லிடறேன். சுலபமா முடிஞ்சுடும். வேலை அவருக்கே போகட்டும்.

– செய்யாத தப்பை எதுக்குங்க ஏத்துக்கறீங்க?

– செய்யலன்னு இப்ப யார் சொன்னா? நீயா? இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டுதானே இருந்த. பாரு, எத்தனை பெயிண்ட் கலந்து கொடுத்தாலும் நான் வெளியிலேருந்து வந்தவன். ரத்தம் உங்க ரெண்டு பேருக்கும்தான். உனக்கு அண்ணன் வேணும். எனக்கு இந்தச் சண்டை வேண்டாம்.

– அப்படி வா வழிக்கு. மனுஷன்னா ஒத்துக்கணும். முட்டி மேல இருக்கிற மூடியைக் கழட்டி, பின்பக்கமா, மருந்துக் குப்பியால ரெண்டே சொட்டு. மூடியைத் திரும்ப மாட்டிட்டா தெய்வம் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதையும் விவரமாச் சொல்லு அவர்கிட்ட.

– குப்பியா? என்ன குப்பிண்ணா?

– ஏதோ ஒரு குப்பி. சொட்டு விடறதுன்னா குப்பியாலதானே விடுவாங்க.

– என் கண்ணு மருந்துக் குப்பி காலியானதும் கழுவி வாங்கிட்டுப் போனியே. கலர் கலக்கணும்னு.

– கலர் கலக்கத்தான் வாங்கினேன். இப்ப அதுக்கென்ன?

– ஒண்ணுமில்ல. அன்னிக்கு மழையில மொட்டை மாடித் துணி நனையுதுன்னு நானும் இவரும் ஓடினப்ப, நீ ரூம்லதானே இருந்த?

– ஏய், என்ன போலீஸ் மாதிரி கேக்கற? உடைஞ்சது என் ரோபோ. என் காலை நானே அரிச்சுக்குவேனா? நான் என்ன கிறுக்கனா?

– நீ கிறுக்கன் இல்லண்ணா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

– நல்லா இருக்குடி. மாப்ள, நீ போனைப் போடு. ஆனா ஒண்ணு மட்டும் என் மண்டையைக் குடையுது. உன்னோடது எப்படி நின்னுச்சு? உன் இடது முட்டியையும் நடுவர் முழுசா மடக்கினார். நான் கண்ணைச் சிமிட்டாம பார்த்துக்கிட்டு இருந்தேன்.

– என்னோடது ஏன் விழணும் மச்சான்?

– இல்ல... சும்மா கேட்டேன். ஒரே கிட்டு, ஒரே பிளாஸ்டிக். அதான்.

– இடது முட்டின்னு குறிப்பாச் சொன்னீங்களே.

– உடைஞ்சது இடதுதானே, அந்த ஞாபகத்துல வந்துடுச்சு. போடுப்பா போனை, பேச்சை வளர்க்காத.

– என்னங்க, போனை வைங்க.

– ரிங் போகுது. விடு.

– வைங்கன்னு சொல்றேன்ல! உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. சொல்லிட்டா அப்புறம் நீங்க என்னை எப்படிப் பார்ப்பீங்கன்னும் தெரியல. ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியாது.

– என்ன பாப்பா உளர்ற?

– ஹேர் டிரையருக்கு எந்த வெளுப்பும் போகலண்ணா. நீ ஜெயிக்கணும்னு அன்னிக்கு ராத்திரி, நீ கிளம்பினப்புறம், இவர் ரோபோவோட நல்ல காலைக் கழட்டி உனக்கு மாட்டிட்டு, உன் வெளுத்த காலை இவருக்கு மாட்டினது நான்தான், இப்ப சொல்லு, அந்த ரெண்டு சொட்டை நீ யார் காலுக்கு விட்ட?