அடிவயிற்றில் இருந்த கல்

"சாமி குத்தம்னீங்களே மாமா, இந்தாங்க, கையில புடிச்சுப் பாருங்க."

ஒலாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டையிலிருந்து ஏரி வழியே குப்பத்துக்குத் திரும்பிய தோணியில், மீனவப் பெண் ஒருத்தி, தன்னைக் கூட்டிப்போக வந்து எதிரே உட்கார்ந்திருந்த மாமனாரின் உள்ளங்கையில் இலந்தைப்பழம் அளவு கல்லை வைத்தாள். மடியில் ஆறு வயது மகன் படுத்திருந்தான்.

"இன்னாம்மா இது?"

"இவன ஒண்ணுக்குப் போக வுடாம அலற வெச்சது இதான். கோட்டை வைத்தியரு அடிவயித்தத் தடவிப் பாத்துக் கண்டுபுடிச்சாரு. அறுத்து எடுத்தாரு."

"வேத்து நாட்டான் கத்திக்கா புள்ளையக் குடுத்த? செத்திருந்தா?"

"நீங்க கெடா வெட்டிக்கினே இருந்தா அலறியே செத்திருப்பான். பழி எனக்கே வரட்டும்னுதான் சரின்னேன். புண்ணு ஆற ஒரு மாசம் நான்தான் கூட இருந்தேன்."

"ஊரு உன்ன சேக்காது."

"சேக்க வேணாம்."

பையன் எழுந்து தோணி விளிம்பில் நின்று, அழாமல் ஏரியில் ஒண்ணுக்குப் போனான். விழுந்துவிடாதபடி மாமனார் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.