மாப்பிள்ளைக்கு முதல் மாத்திரை

பல் ஆஸ்பத்திரிக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். வருகிறவர்களை இதமாகப் பேசி உட்காரவைப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி.

அந்தப் பாதியை என் தங்கை கணவர் பார்த்துக்கொண்டார். கல்யாணமான கையோடு என் கிளினிக்குக்கு நிர்வாகியாக வந்து சேர்ந்தார். ஒரு பல்லைக்கூடப் பிடுங்கிப் பார்க்காதவர். ஆனாலும் எந்தப் பல்லுக்கு எந்த வைத்தியத்தை முதலில் செய்வது என்று எனக்குக் கற்றுக்கொடுக்கும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

"எடுத்த எடுப்புல கத்தியத் தூக்காதீங்க மச்சான். யாரா இருந்தாலும் முதல்ல மாத்திரை. அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். காத்திருக்கும் நோயாளிகளின் காதில் விழும்படிதான் சொல்வார். ஒரு தடவை, "டாக்டருக்குக் கை துறுதுறுங்கும், நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று ஒரு அம்மாளிடம் சொன்னபோது கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தாலும் சிரிக்கத் தெரிந்தவன் நான்.

போன வாரம் அவரே கடைவாயைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தாடைக்கடியில் சீழ் கோத்திருந்தது. அதைக் கீறி வெளியேற்றாமல் வெறும் மாத்திரை கொடுத்தால் வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும். இது பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். நான் கத்தியைக்கூட எடுத்துவிட்டேன்.

"கத்தி வேணாம் மச்சான்" என்றார், வாயைச் சரியாகத் திறக்க முடியாமல்.

நிர்வாகத்தின் பேச்சை மீறலாமா? மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஆபத்து என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், பயந்த சுபாவம்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கழுத்தெல்லாம் வீங்கிடுச்சு. எச்சிகூட முழுங்க முடியல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

'உடனே ஓடு' என்பதுதான் அதற்குப் பதில். "பதறாதம்மா, மாத்திரை வேலை செய்யக் கொஞ்சம் டைம் குடு" என்றேன். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்கிற பெண். அன்றும் கேட்டாள்.

சாயங்காலம் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

நீங்கள் கவனக்குறைவு என்று எழுதப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். தொழிலில் நான் கவனக்குறைவாக இருந்ததே கிடையாது.

கடைசியில் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கே கீறி விட்டிருந்தா பொழச்சிருப்பாராண்ணா?"

"பொழச்சிருப்பாரும்மா" என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.