ஆற்றுக்கு முன்பே போனுக்குத் தெரிந்தது

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆத்துக்கே இன்னும் தெரியாது, போனுக்குத் தெரிஞ்சிட்டு" என்றான் ஒருவன். தாமிரபரணிக் கரையில் அவன் ஊர். நாளைக் காலை ஆறு கரை தாண்டும் என்று போனில் எச்சரிக்கை வந்திருந்தது.

"அது இன்னா ஆத்தப் பாத்துகினா கீது?" என்றான் இந்தப் பக்கத்துக்காரனான நண்பன்.

"நியூரல் நெட்வொர்க்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுலே. எந்த மழைக்கு ஆறு எவ்வளவு ஏறுச்சுன்னு பல வருசத்துக் கணக்கைக் காட்டிப் பழக்கியிருக்காங்க. இப்ப மலையில பெய்யுத மழைய வச்சுச் சொல்லுது."

உடனே மனைவியை அழைத்தான். ஆட்டோ இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இங்க வெயிலு அடிக்கு. போன தடவையும் இப்படித்தான் சொன்னீய. புள்ளையத் தூக்கிட்டு ஸ்கூல்ல போய்ப் படுத்தேன். தண்ணி வரல. தெருவே சிரிச்சிது."

"இந்தத் தடவையும் சிரிக்கட்டும். மாட்ட அவுத்து விட்டுட்டு, புள்ளையோட இருட்டுததுக்குள்ள போயிரு. எனக்காக."



"சரி, போறேன்" என்றாள்.

அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

"தண்ணிலாம் வராது மச்சான், வுடு" என்றான் நண்பன்.

"வரக்கூடாதுன்னுதான் நானும் வேண்டுதேன். ஆனா வரலேன்னா, அடுத்த தடவை நான் சொன்னா அவ போகமாட்டாளே."