கடைசிப் பெட்டி யாருக்கு?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, தலை நரைத்தும் ஆர்வம் நரைக்காத பெரியோர்களே, கடையையும் வீட்டையும் கண்போல் காக்கும் தாய்மார்களே, இடம் கிடைக்காமல் நின்றபடியே கேட்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

"வணிக மென்பொருளுக்கு எந்தத் தரவுத்தளக் கருவி?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் என் வீட்டுச் சண்டையைச் சொல்லப்போகிறேன். பார்த்தீர்களா, இப்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்!

என் அக்காவும் மாமாவும் மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்புகிறவர்கள். அக்கா முன்மேசையில் தொலைபேசியோடு. மாமா குளிரறையில் கம்பளிச் சட்டையோடு. யார் மருந்தை ஒதுக்கினாலும் கதவைத் திறந்து, "நான் எடுத்துட்டேன்" என்று கத்த வேண்டும். அதுதான் அவர்கள் முறை. தொழில் வளர்ந்தது, தொண்டை தாங்கவில்லை. மென்பொருள் எழுத முடிவெடுத்தார்கள்.

நிரல் எழுதும் என் மகள், இரண்டு கருவிகளில் இரண்டு மாதிரிகள் செய்து வைத்தாள். ஒன்றில் கட்டங்களையும் பொத்தான்களையும் இழுத்து வைத்தால் திரை தயார். என்ன வேகம், என்ன வனப்பு! மற்றதிலோ ஒவ்வொரு விதியையும் உட்கார்ந்து எழுத வேண்டும். திரை சுண்ணாம்பு காணாத சுவர். மாமா எதில் மயங்கினார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அக்கா மட்டும் கேட்டாள்: "நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கடைசிப் பெட்டியை எடுத்தா என்ன ஆகும்?"

"தெரியல அத்தை. செஞ்சு பாத்துரலாம்" என்றாள் மகள்.

இருப்பில் ஒரே பெட்டி என்று பதிந்தாள். அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு திரையில் ஒன்றாக அழுத்தினார்கள். அழகான திரை இருவருக்குமே "சேமிக்கப்பட்டது" என்றது.

"பாத்தியா, ரெண்டு பேருக்குமே கெடச்சிருச்சு" என்றார் மாமா.

"பெட்டி ஒண்ணுதானே? எந்த ஆஸ்பத்திரிக்கு வெறும் வண்டியை அனுப்பப் போறீங்க?" என்றாள் அக்கா.

அடுத்த கருவியில் அழுத்தினார்கள். அக்காவுக்குப் பெட்டி கிடைத்தது. மாமாவின் திரை, "இருப்பு இல்லை" என்றது.

"மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுதே" என்றார் மாமா.

"முதல் கருவிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம் மாமா. ஆனா ஒவ்வொரு திரையிலயும் நான் மறக்காம எழுதணும். ஒண்ணுல மறந்தாலும் போச்சு. இதுல ஒரு தடவை எழுதினா போதும், விதி அடியில தரவோடயே இருக்கு, எந்தத் திரையும் அதைத் தாண்ட முடியாது" என்றாள் மகள்.

முன்வரிசை ஐயா கேட்கிறார், முதல் கருவி மட்டமா என்று. இல்லை ஐயா! ஒருவரே உட்காரும் கடைக்கு அதுவே போதும். ஊசி வேலைக்குக் கடப்பாரை எதற்கு?

ஆனால் அன்பர்களே, அந்தப் பெட்டிக்காக எங்கோ ஒரு கட்டிலில் ஓர் உயிர் காத்திருக்கிறதே! விலையைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்கிறோம், வண்ணத்தைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதைக் கேட்கிறோமா? உங்கள் தொழிலால் எந்தப் பொய்யைத் தாங்க முடியாதோ, அந்தப் பொய்யைக் கருவியிடம் சொல்லச் சொல்லிப் பாருங்கள். சொன்னால் வேண்டாம். மறுத்தால், அது கரடுமுரடாக மறுத்தாலும், கைகூப்பி வீட்டுக்கு அழைத்து வாருங்கள்!

கேட்டவர்களுக்கு நன்றி, இனிமேல் கேட்கப் போகிறவர்களுக்கு இரட்டை நன்றி. வணக்கம்.