கையால் திருத்த வேண்டாம்

இங்கே கொடுக்கிற தேநீர் நன்றாகவே இருக்கிறது, அம்மையீர். எங்கள் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் இத்தனை வருடம் குடித்ததைவிட எவ்வளவோ மேல். நீங்கள் நடத்தும் இந்த மரண விசாரணையில் வாயை மூடிக்கொண்டிருப்பது என் உரிமை என்று வக்கீல் சொன்னார். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. என் பெயர் நெவில் ஸ்ட்ரான். அந்த அறையின் கணினிகள் முழுவதும் என் பொறுப்பு.

ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் என்னவென்று நேற்று ஒரு நிபுணர் உங்களுக்குப் படம் போட்டு விளக்கினார். பாதிப் பேர் தூங்கிவிட்டீர்கள். அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு சின்ன முகவரிக் குறிப்பு: இந்தப் பெயருள்ள இயந்திரம் இந்த எண்ணில் இருக்கிறது, அவ்வளவுதான். வேறு யாரையும் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும். நான் வருவதற்கு முன்னால் அதில் ஆளாளுக்குக் கிறுக்கிவைத்திருந்தார்கள். ஒரு கணினியில் பிரின்டருக்கு மூன்று முகவரி. மூன்றும் தப்பு.

நான்தான் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தினேன். மூலப்பிரதி ஒன்றே ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை அந்த மென்பொருள் எல்லாக் கணினிகளையும் சுற்றிவரும். மூலத்தில் இல்லாத வரி எங்கே இருந்தாலும் துடைத்துவிட்டுப் போகும். மூலத்தை மாற்ற வேண்டுமானால் எழுதி அனுப்ப வேண்டும், இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பின் தலையிலேயே போட்டிருக்கும்: கையால் திருத்த வேண்டாம். எங்கள் இயக்குநர் இதற்கு ‘மீள்திறன் நோக்கிய பயணம்’ என்று பெயர் சூட்டிக் கேக் வெட்டினார். அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. கேக்கிலும் எழுத்துப்பிழை.

ஜனவரிக் கோடையில், அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், காட்டுத்தீ மலைமுகட்டைத் தாண்டியது. எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் சர்வர் இருந்த கட்டடத்தில் மின்சாரம் போயிற்று. பக்கத்து ஊரில் மாற்று சர்வர் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் எண்ணை ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதினால் போதும், ஃபெரியர்ஸ் கிரீக் பள்ளத்தாக்கு முழுவதும் ‘உடனே கிளம்புங்கள்’ என்ற செய்தி போய்விடும்.

கீழ்த்தளத்தில் பணியில் இருந்தவள் ப்ரான்வின் டாக். கெட்டிக்காரி. முறைப்படிதான் எழுதி அனுப்பினாள், அதை நான் மறுக்கவில்லை. பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய இரண்டாவது ஆள் அன்று நான். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘தீ’ என்று மட்டும் எழுதியிருந்தாள். திருப்பி அனுப்பினேன்.

போன் வந்தது.

“நெவில், ஜன்னலை எட்டிப் பாத்தியா? வானமே செவந்து கெடக்கு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் உனக்கு, கவிதையா?”

“எந்தத் தீ, எந்த சர்வர், எவ்வளவு நேரத்துக்கு. எல்லாரும் எழுதறதுதான்.”

“போய்யா. கையாலயே போட்டுக்கறேன்.”

போட்டாள். செய்தி பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்து வீடுகளை எட்டியிருந்தபோது மென்பொருள் தன் சுற்றுக்கு வந்து அந்த வரியைத் துடைத்தது. அனுப்புதல் பாதியில் நின்றது. மென்பொருள்மேல் குற்றமில்லை; சொன்ன வேலையைச் செய்யும் ஒரே ஊழியர் எங்கள் அலுவலகத்தில் அதுதான்.

மறுபடி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“நெவ், சண்டை வேண்டாம்ப்பா. மேல்பக்கத்து வீடுங்களுக்கு இன்னும் போகல. அந்தச் சனியனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வை.”

“நிறுத்தறதுக்கும் ஒரு முறை இருக்கு.”

“எங்கப்பா மேல்பக்கத்துல இருக்கார். மூக்குல ஆக்ஸிஜன் குழாயோட. போன் கிடைக்க மாட்டேங்குது, நம்ம எச்சரிக்கை மெசேஜ் மட்டும்தான் அங்க போகும்.”

“சொந்தக்காரங்க இருந்தா இந்த மாற்றத்தை நீ தொடவே கூடாது, ப்ரான். வேற ஆள் செய்யணும்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

“சரி, நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம். உன் மிஷின் இப்பதான் வந்துட்டுப் போயிருக்கு. இனி அரை மணி நேரத்துக்கு வராது. எனக்குப் பத்து நிமிஷம் போதும். நீ கிரிக்கெட் பாரு.”

அவள் கணக்கு சரிதான். அதுதான் பிரச்சினை. விதிமுறையோடு வாதாடுகிறவர்களை நான் மதிக்கிறேன். விதி கண்ணயரும் நேரம் பார்த்துச் சுவரேறிக் குதிக்கிறவர்களை எப்படி மதிப்பது? ஒருத்தியை விட்டால் அடுத்த வாரம் பிரின்டருக்கு மறுபடி மூன்று முகவரி.

அரை மணி என்பதை ஒரு நிமிடமாக்கினேன்.

அவள் எழுதினாள், துடைத்தது. எழுதினாள், துடைத்தது. ஒவ்வொரு தடவையும் அனுப்புதல் முதலிலிருந்தே தொடங்கும் என்பதால் கீழ்ப்பக்கத்தார் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப வாங்கினார்கள். தொந்தரவு என்று சிலர் புகார்கூட எழுதினார்கள். மேல்பக்கம் வரை அது ஒருமுறையும் எட்டவில்லை. எல்லாவற்றையும் என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது; எடுக்கவில்லை. மேல்பக்கத்தில் யாரும் கிளம்பவில்லை. வீட்டுக்கு வீடு கார்கள் நிறுத்திய இடத்திலேயே எரிந்திருப்பதை நீங்கள் காட்டிய படங்களில் பார்த்தேன். ப்ரானின் அப்பா வீட்டுக் காரையும்.

பத்திரிகைகள் என்னைக் கொலைகாரன் என்கின்றன. எழுதிக்கொள்ளட்டும். அன்று மாலை எங்கள் கணினிகள் அத்தனையிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தது. இந்த நாட்டில் வேறு எந்தக் கட்டுப்பாட்டு அறை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? அதே நாள் திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அரை மணியை ஒரு நிமிடமாக்கினேனே, அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட இரண்டாவது ஆள் யார் என்று கேட்கிறீர்கள். யாருமில்லை. அதை நானே கையால் மாற்றினேன். எழுதி அனுப்பி, ஒருவர் பார்த்து, அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது, அம்மையீர்? அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.