இறங்காத கை

தேநீரில் சர்க்கரை வேண்டாம், ஐயா. எடை கூடக்கூடாதென்று பதினேழு ஆண்டுகள் காத்த நாக்கு. பந்தயம் விட்டுப் போனாலும் பழக்கம் விட்டுப் போகவில்லை.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்தேன். தெளிவான படம். முன்னால் சைக்கிளில் போகிறவன் நான். என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வருகிறவன் குருவி. ஒல்லி உடம்பையும் ஓயாத வாயையும் பார்த்து எங்கள் அணி அவனுக்குச் சூட்டிய பெயர் அது. எனக்குச் சூட்டிய பெயர் சுவர்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காற்றைக் கிழிப்பவன் ஒருவன். கிழிந்த வழியில் போகிறவன் இன்னொருவன். நான் கிழிப்பவன். என் முதுகின் மறைவில் ஒருவன் கால் களைக்காமல் வருவான். கடைசி மூன்று கிலோமீட்டரில் என்னைக் கடந்து போய்ப் பதக்கம் வாங்குவான். வியர்வை ஒருவனுக்கு, வெற்றி ஒருவனுக்கு என்பது உலகத்தின் பழைய ஏற்பாடு. அதை மாற்ற எந்த மேடையிலும் நான் முழங்கியதில்லை. என் முதுகை அறியாத வீரன் கிடையாது. முகத்தை அறிந்தவன்தான் கிடையாது. விடுதி அறையில் இரண்டு கட்டில் இருக்கும். ஒன்றில் நான் படுப்பேன். மற்றதில் என் பையைப் படுக்கவைப்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குருவி வந்தான். வந்த அன்றே பையைத் தூக்கிக் கீழே வைத்தான்.

"என்னண்ணே, பைக்கெல்லாம் மெத்தை போட்டிருக்கீங்க? நேத்து ரொம்ப ஓட்டிருச்சா?"

நான் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பல நாள் போட்டியில் இன்று விட்டதை நாளை பிடிக்கலாம். ஒருநாள் பந்தயத்துக்கு நாளை என்பதே இல்லை. அதனால்தான் அங்கே இளையவனுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்தப் படத்திலுள்ள ஒருநாள் பந்தயத்தில் முன்னாள் வெற்றியாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மேட்டில் அவர்களோடு மோதினால் குருவி தூளாகிவிடுவான். ஆனால் மூவரும் சாலையைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்ப்பதே அதிகம். பேர் தெரியாத ஒருவன் முன்னே பாய்ந்தால், துரத்தும் வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்ப்பார்கள். துரத்துகிறவன் களைத்துவிடுவான், களைத்தவனை மற்ற இருவரும் விழுங்கிவிடுவார்கள். அந்த அரை நிமிடத் தயக்கம் போதும். யானைகள் முறைத்துக்கொண்டு நிற்கையில் எறும்பு எல்லையைத் தாண்டிவிடும். இறக்கத்தில், பாலம் தாண்டிய வளைவில் அவன் பாய வேண்டும், அதுவரை நான் முன்னால் நின்று கூட்டிப்போவேன். இந்தத் திட்டம் என்னுடையது, ஐயா. பிழையில்லாத திட்டம்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. பெரிய டீம்ல கேட்டிருக்காங்க. முதல் மூணுக்குள்ள வந்தா கூட்டிக்கிறாங்களாம்."

"எப்ப கேட்டாங்க?"

"போன மாசம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்களும் வாங்களேண்ணே."

"சுவர் எங்கடா நகரும்?" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் நான் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்தேன். பாலத்துக்குப் பின் வரும் வளைவில், மர நிழலில், சாக்கடை மூடி ஒரு பக்கம் உடைந்து உள்வாங்கியிருந்தது. சொல்லியிருந்தால் மூடியிருப்பார்கள். பயிற்சியாளர் கேட்டார், "ரோடு எப்படி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றேன்.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னவன் முதுகுதான் தெரியும். ஆகவே பள்ளத்தைக் கண்டால் முன்னவன் ஒரு கையை இறக்கி, விரலால் தரையைக் காட்ட வேண்டும். பரம எதிரிக்கும் காட்டுவோம். குருவி அடிக்கடி சொல்வான்: "உங்க கை இருக்கிற வரைக்கும் எனக்குக் கண்ணே வேண்டாம்ணே."

பந்தயத்தன்று அந்த இறக்கத்தில் வேகம் மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர். வளைவில் என் சக்கரத்தை நான்கு விரல் இடப்பக்கம் நகர்த்தினேன். படத்தில் அது தெரிகிறது. இரண்டு கைகளும் பிடியில் இருப்பதும் தெரிகிறது. நான் எதையும் செய்யவில்லை, ஐயா. ஒன்றைச் செய்யாமல் இருந்தேன். பின்னால் இரும்பு மோதும் ஓசை கேட்டது. அதன்பின் அவன் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. முன்னால் போகிறவன் திரும்பக்கூடாது என்பது பயிற்சி. திரும்பாமல் பந்தயத்தை முடித்தேன். இருபத்தொன்பதாவது இடம்.

நியாயத்தை நீங்களே நிறுத்துப் பாருங்கள். பெரிய அணி அவனை மூன்று ஆண்டு பிழிந்திருக்கும். நான்காம் ஆண்டு அவனையும் ஒரு சுவராக்கியிருக்கும். ஆளில்லாத கட்டிலில் அவனும் பையைப் படுக்கவைத்திருப்பான். அந்தக் கொடுமையிலிருந்து ஓர் உயிரை மீட்டேன்.

இப்போது இடுப்புக்குக் கீழே அவனுக்கு அசைவில்லை. தினமும் நான்கு மணிக்குச் சக்கர நாற்காலியில் வைத்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தள்ளிப்போகிறேன். அவன் முன்னால், நான் பின்னால். திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். "பாவம்ணே நீங்க. அந்த நிழல்ல உங்களுக்கும் பள்ளம் தெரிஞ்சிருக்காது" என்பான். "ஆமாண்டா" என்பேன். வாசற்படி மேடு வரும்போதெல்லாம் தோளைத் தொட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒருநாளும் தவறியதில்லை.

அவனுடைய அக்கா இரண்டு முறை போன் செய்தாள். "நான் வந்து தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேண்ணே" என்று அழுதாள். "அவன் இப்ப யாரையும் பார்க்க மாட்டேங்கிறாம்மா" என்றேன். அவனிடம், அக்காவுக்கு வேலை ஒழியவில்லை என்று சொல்லிவைத்தேன். வீண் கலக்கம் எதற்கு?

வாக்குமூலத்தில் கையெழுத்தை எங்கே போட வேண்டும்? காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். சுவரில் மணி மூன்றரை ஆகிவிட்டது. நான்கு மணிக்கு அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?